இரண்டும் பெண் வீடு

உடுமலைப்பேட்டை,
18.8.1996

என்னோடு பிறந்த ராசாத்தாளுக்கு, அண்ணன் பொங்கியண்ணன் வெற்றிக் களிப்போடு எழுதுவது.

இங்கே நானும் உன் அண்ணி நாச்சியம்மாளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நாக்பூரில் நீயும் மகன் அருள்குமாரும் மருமகளும் அப்படியே இருக்க நம் குலசாமி பார்த்துக்கொள்ளும். தேங்காய் இந்த வருஷம் நல்ல காய்ப்பு. சந்தையில் என் காய்க்கென்றே தனியாக ஆட்கள் வந்து நிற்கிறார்கள். அமராவதி அணை நிரம்பிவிட்டது. நான் போய்ப் பார்த்துவிட்டு வந்த மறுநாள்தான் தண்ணீர் திறந்தார்கள். பொங்கியண்ணன் சொல்லித்தான் திறந்தார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. நான் அதை மறுக்கவில்லை.

இனி காரியத்துக்கு வருகிறேன். உன் மகள் லோகப்பிரியாவோடு இருந்தவள் அவளை விட்டுப் போய்விட்டாள் என்று யாரோ சொல்லக் கேட்டு, இதுதான் சமயம், பொங்கலூர் மாப்பிள்ளையின் போட்டோவைக் கொண்டுபோய்க் காட்டி அவளைச் சம்மதிக்க வை என்று நீ எழுதியிருந்தாய். போனேன். காட்டினேன். காரியத்தை முடித்தும் விட்டேன். ஆனால் நீ முடிக்கச் சொன்ன காரியத்தை அல்ல. கொஞ்சம் உட்கார்ந்துகொண்டு மேலே படி.

லோகப்பிரியாவும் கயல்விழியும் பாலிடெக்னிக்கில் ஒன்றாகப் படித்தவர்கள், சேர்ந்து கடை போட்டவர்கள், வாடகை மிச்சம் என்று ஒரே வீட்டில் இருப்பவர்கள். இது ஊருக்குத் தெரிந்தது. அவர்கள் வெறும் சிநேகிதிகள் அல்ல, புருஷன் பெண்டாட்டி போல ஒருத்திக்கு ஒருத்தி என்று வாழ்கிறவர்கள். இது உனக்கும் எனக்கும் உன் அண்ணிக்கும் தெரிந்தது. நாம் மூன்று பேரும் இதை ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போகிறேன். அதனால் மருமகள் பக்கத்தில் இல்லாதபோது படி. இல்லாவிட்டால் பக்கத்தில் வைத்துக்கொண்டே படி. அதுவும் நல்லதுதான்.

கணபதியில் அவர்கள் கடையை நீ வந்து பார்த்ததில்லை. எரிந்துபோன மோட்டார்களுக்கு மறுபடி காயில் கட்டிக் கொடுக்கிறார்கள். கோயம்புத்தூரிலேயே அதுதான் பெரிய கடை. பெரிய கடை என்றால் இரண்டு ஷட்டர். காயில் கட்டுவது கயல்விழி, வருகிறவர்களோடு பேசி வேலை பிடிப்பது உன் மகள். நான் போனபோது ஒரு ஷட்டர் இறக்கியிருந்தது. உள்ளே லோகப்பிரியா தானே காயில் சுற்றிக்கொண்டிருந்தாள். சுற்றுவாள், பார்ப்பாள், பிரிப்பாள், மறுபடி சுற்றுவாள். முகம் வற்றிப் போயிருந்தது. வீட்டுக்குக் கூட்டிப்போய் எனக்குத் தோசை வார்த்தாள். தனக்கு வார்த்துக்கொள்ளவில்லை.

நான் போட்டோவை எடுத்து வைத்து மாப்பிள்ளையைப் புகழ்ந்தேன். அவருக்கு ஒரு ரைஸ் மில் இருப்பதை மூன்றாக்கினேன். நீ கேட்டிருந்தால் நானே கட்டிக்கொள்கிறேன் என்றிருப்பாய். லோகப்பிரியா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஏனுங் மாமா, அத்தை ஒருக்கா கோவிச்சுக்கிட்டு அவங்கூட்டுக்குப் போயிட்டாங்கன்னு அம்மா சொல்லுவாங்களே, அப்ப நீங்க என்ன பண்ணுனீங்க?" என்றாள். என்ன பண்ணுவது, எங்கள் ஐயனும் பங்காளிகளும் கூட வந்தார்கள், போய் நாயம் பேசிக் கூட்டி வந்தோம் என்றேன். "அதானுங் மாமா. எனக்காகப் போய்ப் பேசறதுக்கு ஆரு இருக்கறாங்க?" என்று கேட்டுவிட்டு என் இலையில் சட்னியை ஊற்றினாள். அழக்கூட இல்லை ராசாத்தாள்.

உனக்கே தெரியும். பல்லடத்திலிருந்து தாராபுரம் வரைக்கும் கோவித்துக்கொண்டு போன பெண்டாட்டிகளில் பாதிப் பேர் என் பேச்சைக் கேட்டுத் திரும்பி வந்தவர்கள். மீதிப் பேர் வீட்டில் என்னைக் கூப்பிடவில்லை. அப்படிப்பட்ட என்னை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு, ஆரு இருக்கறாங்க என்று ஒரு பெண் கேட்கலாமா? அதைவிட எனக்கு வேறு அவமானம் உண்டா? போட்டோவை எடுத்துப் பைக்குள் போட்டேன். "கெளம்பு அம்மணி, நாளைக்கே போய்க் கூட்டியாரலாம்" என்றேன்.

நாளைக்கு டாக்டரம்மாவைப் பார்க்க வேண்டும் என்றாள். அவர் பெயர் ரங்கநாயகி. ஊசி போடுகிற டாக்டர் அல்ல. காலேஜில் மனோதத்துவம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்று, ஆர்.எஸ். புரத்தில் வீட்டு மாடியில் ஒரு அறை போட்டு, ஒத்துப்போகாத கணவன் மனைவியை உட்கார வைத்துப் பேச வைக்கிறார். நான் இத்தனை காலமாகப் படிக்காமலே செய்ததை அந்தம்மா படித்துச் செய்கிறார். அவர் வீட்டு மோட்டார் எரிந்து இவர்கள் கடைக்கு வந்ததில் பழக்கமாம். இருவரையும் சேர்த்து வரச் சொல்லியிருந்தார். கயல்விழிதான் இல்லையே, நான் கூடப் போனேன்.

நீ என்ன நினைப்பாய் என்று எனக்குத் தெரியும். அதனால் முதல் வேலையாக அதைத்தான் கேட்டேன். இதை மாற்ற வழி இருக்கிறதா என்றேன். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இதுல மாத்தறதுக்கு என்னங்க இருக்குது? ரெண்டு பேர் ஆசையா சேர்ந்து வாழறாங்க. அவங்க சண்டை போடற விதத்தை வேணும்னா மாத்தலாம். அதுக்குத்தான் நான் இருக்கிறேன்" என்றார். இதே பதிலைத்தான் நானும் மனதில் வைத்திருந்தேன்.

அறையில் மூன்று நாற்காலி. ஒன்றில் டாக்டரம்மா, ஒன்றில் லோகப்பிரியா. படியேறிய களைப்பில் நான் மூன்றாவதில் உட்கார்ந்துவிட்டேன். லோகப்பிரியா பதறிவிட்டாள். அது கயல்விழிக்காகக் காலியாகப் போட்டு வைத்ததாம். அவள் அங்கே இருப்பதாக நினைத்துக்கொண்டு இவள் பேச வேண்டுமாம். நான் எழுந்திருக்கப் போனேன். டாக்டரம்மா, "இருக்கட்டும், உட்காருங்க. ஆனா அதுல உட்கார்ந்திருக்கிற வரைக்கும் நீங்கதான் கயல்விழி. லோகப்பிரியா கேட்கிறதுக்கு நீங்க கயல்விழியாப் பதில் சொல்லணும்" என்றார். இந்த மீசையை வைத்துக்கொண்டு.

நான் திருவிழா நாடகத்தில் வேஷம் கட்டியவன். முதலில் வேடிக்கையாகக் குரலை மெலித்துப் பேசிப் பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. லோகப்பிரியா என்னை நேராகப் பார்த்து, "நாள் கணக்காப் பேசாம இருந்துபோட்டு ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டியே, நான் என்ன பண்ணுனேன்?" என்றாள். அவள் பார்த்த பார்வையில் எனக்கு வேடிக்கை போய்விட்டது.

அவள் என்ன பண்ணினாள் என்பது எனக்குத் தெரியும். பொங்கலூரில் நம் சொந்தத்தில் நடந்த காதுகுத்துக்கு லோகப்பிரியா அவளையும் கூட்டி வந்திருந்தாள். பெரிய அத்தை, இந்தப் புள்ள ஆரு என்று கேட்டதும் இவள், கடையில வேலை செய்யற புள்ளைங்க என்று சொல்லிவிட்டாள். அத்தை உடனே கயல்விழியைப் பின்பக்கம், வேலையாட்களுக்கு இலை போட்ட இடத்துக்கு அனுப்பிவிட்டது. அவள் போனாள், உட்கார்ந்தாள், சாப்பிடாமல் எழுந்தாள். லோகப்பிரியா முன்பந்தலில் பாயசம் பரிமாறிக்கொண்டிருந்தாள். இதையெல்லாம் நான் பார்த்தேன். இப்போது அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "காதுகுத்துல என்னை என்னன்னு சொன்னே? அந்த எலையில என்னென்ன வெச்சாங்கன்னு உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்" என்றேன். எங்கிருந்து அந்த வார்த்தை வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

லோகப்பிரியா அப்போதுதான் அழுதாள். அழுது முடித்ததும் டாக்டரம்மா, இதற்குப் பதிலை மாமாவிடம் சொல்ல வேண்டாம், கயல்விழியிடமே போய்ச் சொல்லுங்கள் என்றார். ஒருத்தி சொன்னதை மற்றவள் முதலில் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகுதான் தன் பதிலைச் சொல்ல வேண்டும் என்று ஒரு விதியும் சொல்லிக்கொடுத்தார். கிளம்பும்போது, தன் அனுபவத்தில் என்னைப்போல் ஒருவரைப் பார்த்ததில்லை என்றார். அடுத்த தடவை கொஞ்சம் குறைவாகப் பேசச் சொன்னாங்க, அவ்வளவுதானுங் மாமா என்கிறாள் லோகப்பிரியா. அவள் அழுத களைப்பில் இருந்தாள்.

மறுநாள் கயல்விழியின் அம்மா வீட்டுக்கு, சத்தியமங்கலம் போனோம். முறைப்படி வாழைப்பழம், வெற்றிலை, நம் தோப்பு இளநீர் ஒரு குலை. நாங்கள் இறங்கியதும் ஊரே திரண்டு நின்றது. ஊர் என்றால் பக்கத்து வீட்டு அம்மா இரண்டு பேர். ஒரு ஆடும் நின்றது.

கயல்விழியின் அப்பா மயில்சாமி மின்வாரியத்தில் லைன்மேன். நமக்குத் தெரிந்தது அவர் வீட்டிலும் தெரியும். அவருடைய அப்பன் காலம் வரை யாரோ ஒருவர் பண்ணயத்தில் ஆள்காரராக இருந்த குடும்பம். அந்த மாதிரி ஆட்களை நம் வீட்டில் எதுவரைக்கும் வரவிட்டோம் என்று உனக்கு நான் எழுத வேண்டியதில்லை. "வாங்க சார்" என்றார் அவர். சாமி என்று சொல்லவில்லை. அவர் சம்சாரம் மாசாணியம்மாள், "உள்ள வருவீங்களா, இல்லை இங்கயே சேர் போடட்டுங்களா?" என்று கேட்டது. கேள்வி மரியாதையாகத்தான் இருந்தது. ஆனால் என் பதிலுக்காக வீடே நின்றது. நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

இங்கேதான் ராசாத்தாள், என் இத்தனை வருஷ நாயத்தில் நடக்காத ஒன்று நடந்தது. கோவித்துக்கொண்டு வந்த பெண்ணைக் கூப்பிடப் போனால் முறை என்ன? பையன் வீட்டார் காலை நீட்டி உட்கார்ந்து பேசுவார்கள், பெண் வீட்டார் குரலை இறக்கி, தலையைக் குனிந்து கேட்பார்கள். நான் லோகப்பிரியாவுக்குத் தாய்மாமன், பெண்ணைச் சேர்ந்தவன். அதனால் தலையைக் குனிந்துகொண்டு, அவர்கள் ஆரம்பிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். மயில்சாமியும் தலையைக் குனிந்துகொண்டு, நான் ஆரம்பிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தார். மின்விசிறி மட்டும் சுற்றியது. இளநீர்க் குலையை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் தரையைப் பார்த்தோம்.

கடைசியில் அவர், "எங்க புள்ள மேல தப்பிருந்தா பொறுத்துக்கோணுங்க. பொண்ணு ஊட்டுக்காரங்க நாங்க என்னத்தைப் பேசறதுங்க" என்றார். "அதெப்படிங்க, பொண்ணு ஊட்டுக்காரங்க நாங்கதானுங்க. நீங்கதான் பொறுத்துக்கோணும்" என்றேன். "இல்லீங், நாங்கதானுங்க" என்றார். விடுவேனா, "நாங்கதானுங்க" என்றேன். இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தோம். மாசாணியம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டது. "அப்ப மாப்பிள்ளை ஊட்டு முறுக்கு ஒருத்தருக்கும் இல்லீங்களா? மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கறதுக்கு ஒரு மாமியாகூட வர்லீங்களா? நல்லதாப் போச்சு போங்க" என்றது. அப்புறம் உள்ளே திரும்பி, "கயலு, வெளிய வா சாமி. இங்க ரெண்டும் பொண்ணு ஊடுதான், பயப்படாதே" என்றது. மயில்சாமி சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் தோளில் நான் தட்டினேன், என் தோளில் அவர் தட்டினார்.

கயல்விழி வந்தாள். அவள் சிரிக்கவில்லை. லோகப்பிரியா எழுந்து நின்றாள். நான் டாக்டரம்மாவின் விதியை என் விதியாக எடுத்துச் சொன்னேன். கயல்விழி முதலில் பேசினாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து சொன்னதில் பாதியைத்தான் சொன்னாள், ஆனால் இரண்டு மடங்கு உறைத்தது. "உங்க சனம் முன்னால நான் உனக்கு வேலைக்காரி. கதவைச் சாத்துனாத்தான் நான் உனக்கு எல்லாம். எனக்குக் கதவு சாத்துன ஊடு வேண்டாம்" என்றாள். லோகப்பிரியா அதை ஒரு வார்த்தை விடாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். வேலைக்காரி என்ற இடத்தில் குரல் நின்றுவிட்டது. மறுபடி ஆரம்பித்து, மறுபடி நின்று, அப்புறம் சொல்லி முடித்தாள்.

பிறகு இவள் முறை. "நான் உண்மையைச் சொன்னா உன்னை இன்னும் கேவலமாப் பேசுவாங்கன்னு பயந்துபோட்டேன். உன்னை மறைக்கறதைக் காப்பாத்தறதுன்னு நெனச்சுட்டேன். ஆனா நீயும் ஒருநாள்கூட எங்கிட்டச் சண்டைக்கு வர்லியே கயலு. வாயை மூடிக்கறே. ஊட்டுக்குள்ளயே இருக்கறே, ஆனா இல்லாமப் போயிடறே. நீ கத்துனா நான் எந்தப் பக்கம் திரும்பறதுன்னு எனக்குத் தெரியும்" என்றாள். கயல்விழி அதைத் திருப்பிச் சொன்னாள். சொல்லச் சொல்லத்தான் அவளுக்கே புரிந்தது போல இருந்தது. நான் நடுவில் ஒரு நல்ல கருத்துச் சொல்லப் போனேன். "கொஞ்சம் சும்மா இருங்க மாமா" என்றாள் கயல்விழி. என்னை மாமா என்று அவள் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. சும்மா இருந்தேன்.

இனிமேல் யார் கேட்டாலும் என்னை என்னவென்று சொல்வாய் என்று கேட்டாள் கயல்விழி. லோகப்பிரியா, "என்ன சொல்லுவேன்னு தெரியல. பொய் சொல்லமாட்டேன்" என்றாள். கயல்விழி போய்த் துணிப்பையை எடுத்து வந்தாள். மாசாணியம்மாள் நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்தது. நான் அந்த வீட்டில், அவர்களோடு ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். ரசத்தை மறுபடி கேட்டு வாங்கினேன். நம் ஊரில் யாராவது இதை உன்னிடம் கேட்டால், ஆமாம் என்று சொல்.

இனிமேல்தான் நீ திடமாக இருக்க வேண்டிய இடம். திரும்பும் பஸ்ஸில் புளியம்பட்டியில் நம் ஊர்க் காளிச்சாமி ஏறினான். அவன் காதில் விழுந்தது மறுநாள் ஜில்லா பூராவும் போய்விடும். எங்கள் எதிர் சீட்டில் உட்கார்ந்து, "ஏனம்மணி லோகு, இந்தப் புள்ள ஆரு?" என்றான்.

நான் என் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டேன். கயல்விழி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் காது மட்டும் இங்கே இருந்தது. லோகப்பிரியா, "எங்கூட்டுக்காரிங்க" என்றாள். காளிச்சாமி, வீட்டுக்காரி என்றால் எப்படி என்றான். "கலியாணம் பண்ணிக்கிட்டவங்க எப்படியோ அப்படித்தானுங்க. எனக்கு அவ, அவளுக்கு நான். எம்மேல கோவிச்சுக்கிட்டு அவங்கம்மா ஊட்டுக்குப் போயிட்டா, கூட்டிக்கிட்டு வாரேன்" என்றாள். ஒரு வார்த்தையைக்கூட விழுங்கவில்லை. கண்டக்டர் விசில் அடிக்க மறந்து நின்றார்.

காளிச்சாமி என்னைப் பார்த்தான். "பொங்கியண்ணா, இதென்னங்க?" என்றான். நான் மீசையைத் தடவி, "நாந்தான் நாயம் பேசிக் கூட்டியாரேன். கேக்கறது ஏதாச்சும் இருந்தா எங்கிட்டக் கேளு" என்றேன். அவன் கோயம்புத்தூர் டிக்கெட்டை வைத்துக்கொண்டு அன்னூரிலேயே இறங்கிவிட்டான். கயல்விழி ஜன்னலைப் பார்த்தபடியே சிரிக்கத் தொடங்கினாள். கணபதி வந்தும் நிற்கவில்லை. நம் லோகப்பிரியா இவ்வளவு நிமிர்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை ராசாத்தாள். பத்தாவதில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்தாளே, அன்றைக்குக்கூட இல்லை.

காளிச்சாமி கதையாகச் சொல்லி நாக்பூருக்கு வருவதற்கு முன்னால் நடந்தது நடந்தபடி உனக்கு வரட்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

இப்போது இருவரும் வாரம் தவறாமல் டாக்டரம்மாவிடம் போகிறார்கள், என் மேற்பார்வையில். மேற்பார்வை என்றால் நான் போகும்போது கீழே பெஞ்சில் உட்கார வைத்துவிடுகிறார்கள். கடை மூடியதும் டீ குடித்துக்கொண்டே ஒருத்தி பேச மற்றவள் கேட்க வேண்டும், மோட்டார் பேச்சு கூடாது என்று வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறார். அதிலும் சண்டை வருகிறது. போன வாரம் கயல்விழி பக்கத்து மெஸ் வரைக்கும் கேட்கிற மாதிரி கத்திவிட்டாளாம். டாக்டரம்மா அவளைப் பாராட்டினாராம். லோகப்பிரியாவும் அதைப் பெருமையாகச் சொல்கிறாள். கடையில் இரண்டு ஷட்டரும் ஏறியிருக்கின்றன. பொங்கலூர் வீட்டுக்குப் போட்டோவைத் திருப்பிக் கொடுத்து, பெண்ணுக்கு வீடு அமைந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் கேட்ட உன் அண்ணி, என்னைக் கூப்பிட வந்தப்ப இத்தனை அழகா நாயம் பேசலையே என்கிறாள்.

ராசாத்தாள், உன்னை வரச் சொல்லி அவர்கள் எழுதமாட்டார்கள். பயம். லோகப்பிரியா என்னிடம் கேட்டதெல்லாம், அம்மாவுக்குக் கோபம் இருக்குங்களா மாமா என்று மட்டும்தான். இல்லை என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னேன். அதை மெய்யாக்குவது உன் கையில்தான் இருக்கிறது. உடனே வா என்று நான் சொல்லவில்லை. தீபாவளிக்கு வந்தால் சந்தோஷம். அதற்கு முன்னால் மகளுக்கு ஒரு கடிதம் போடு. உள்ளே என்ன எழுதினாலும் எழுது, திட்டினாலும் திட்டு. மேலே விலாசத்தில் கயல்விழி, லோகப்பிரியா என்று இரண்டு பெயரையும் சேர்த்து எழுது. அங்கே தபால்காரர் தெருவில் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுத்தான் கடிதம் கொடுப்பார். அவர் கூப்பிடட்டும்.

அந்த இரண்டு பெண்களோடு சேர்த்து உன்னையும் வாழ்த்தும்,
அண்ணன்
பொங்கியண்ணன்